தூக்க வியாதியும் டிஸபிலிட்டி பேப்பரும்: பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நார்கோலெப்ஸி (பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்ற மூளை சம்பந்தப்பட்ட நோய்), இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா (காரணம் தெரியாத அதிக தூக்கம்), மாஸ்க் போட்டும் சரியாகாத ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), இந்த மாதிரி ஒண்ண வெச்சிக்கிட்டு வேலைக்கும் போய்க்கிட்டு "கவர்மெண்ட்ல ஏதாவது கிடைக்குமா, ஆபீஸ்ல ஏதாவது கேக்க முடியுமா"ன்னு தேடுறவங்களுக்காகத்தான் இது. என் தம்பிக்கு நார்கோலெப்ஸி, கேட்டப்ளெக்ஸியும் சேந்தது, அதாவது வடிவேலு காமெடி பாத்து பலமா சிரிச்சா முட்டி மடங்கி அப்படியே உக்காந்துடுவான், நினைவு முழுசா இருக்கும் ஆனா அரை நிமிஷம் கைகால் அவன் பேச்ச கேக்காது. வீடு லிங்கராஜபுரம், வேலை மாரத்தஹள்ளி பக்கம் ஒரு சப்போர்ட் சென்டர்ல. அவன் ஃபைல தூக்கிட்டு அலையறது நான்தான், ஏன்னா க்யூல உக்கார வெச்சா அவன் தூங்கிடுவான், டோக்கன் நம்பர் போயிடும்.

நெட்ல தேடினா வர்றதுல முக்காவாசி அமெரிக்கா கதை. அங்க சோஷியல் செக்யூரிட்டின்னு ஒரு ஆபீஸ், வேலை செய்ய முடியலன்னு நிரூபிச்சா மாசா மாசம் பணம். (அங்கயும் நார்கோலெப்ஸிக்குன்னு தனியா லிஸ்டிங் கிடையாது, வலிப்பு நோய் லிஸ்டிங்கோட ஒப்பிட்டுத்தான் பாக்குறாங்க.) இங்க அந்த மாதிரி ஒரே எடத்துல போய் கேக்குற ஏற்பாடே இல்ல, டிஸபிலிட்டி சர்ட்டிபிகேட் ஒரு எடம், ஆபீஸ் சலுகை ஒரு எடம், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ஒண்ணு, பிஎஃப் ஒண்ணு, வருமான வரி ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ரூல் வேற. எது நமக்கு ஒத்து வரும்னு தெரியாம எல்லாத்துக்கும் ஓடினா வருஷம்தான் போகும்.

சட்டத்துல நாம எங்க இருக்கோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பழைய 1995 சட்டத்துல 7 வகைதான், இதுல 21 ஆச்சு. அந்த 21ல தூக்க வியாதி ஒண்ணு கூட பேர் சொல்லி இல்ல. இத மொதல்லயே மனசுல போட்டுக்கோங்க, கவுண்டர்ல போய் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. நமக்கு கிட்டத்துல வர்றது "க்ரானிக் நியூரலாஜிகல் கண்டிஷன்ஸ்"ங்கிற வகை. அதுக்கு கீழ மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், பார்கின்சன்ஸ் ரெண்டு பேரும் இருக்கு, ஆனா சட்டத்தோட வாசகம் "இவை போன்ற"ங்கிற மாதிரிதான் போகுது, அதனால நார்கோலெப்ஸியும் மூளை சம்பந்தப்பட்ட நீடிச்ச நோய்தானேன்னு வாதாட எடம் இருக்கு. சர்ட்டிபிகேட் குடுக்கிற மெடிக்கல் போர்டுல உக்காந்திருக்கிற டாக்டர் அந்த வரிய எப்படி படிக்கிறாருங்கிறத பொறுத்தது, அவ்ளோதான்.

இப்ப முக்கியமான விஷயம். சட்டத்துல ரெண்டு லெவல் இருக்கு, இத நிறைய பேர் கலந்துடறாங்க. ஒண்ணு "பெஞ்ச்மார்க் டிஸபிலிட்டி", அதாவது 40% அல்லது அதுக்கு மேல, சர்ட்டிபிகேட்டோட. ரிசர்வேஷன், பென்ஷன் எல்லாம் இங்கதான். இன்னொண்ணு வெறும் "மாற்றுத்திறனாளி", பிரிவு 2(எஸ்), இதுல சதவீதமே கிடையாது, நீண்டகால குறைபாடு ஒண்ணு இருந்து, சுத்தி இருக்கிற தடையோட சேந்து மத்தவங்களுக்கு சமமா இயங்க விடாம பண்ணுதுன்னா நீங்க அதுல வர்றீங்க. 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்குல இதத்தான் அடிச்சு சொல்லுச்சு, அவருக்கு ரைட்டர்ஸ் க்ராம்ப், எழுத கை வராது, பெஞ்ச்மார்க் டிஸபிலிட்டி இல்லன்னு சொல்லி ஸ்க்ரைப் (பரீட்சையில அவருக்காக எழுதற ஆள்) தர மாட்டேன்னாங்க, கோர்ட்டு ரீசனபிள் அக்காமடேஷன் (குறைபாட்டுக்கு ஏத்தபடி பண்ணிக் குடுக்கிற நியாயமான மாற்றம்) கேக்க 40% தேவையில்லன்னு சொல்லிடுச்சு.

அதனால என் கருத்து என்னன்னா, தூக்க வியாதிக்காரங்க முக்காவாசி பேருக்கு சர்ட்டிபிகேட்ட விட ஆபீஸ் சலுகைதான் சீக்கிரம் கிடைக்கும், வாழ்க்கையையும் அதுதான் மாத்தும். ஆனா எல்லாரும் மொதல்ல டிஸபிலிட்டி கார்டு பின்னாடிதான் ஓடுறாங்க. ரெண்டுக்கும் ஒரே ஃபைல்தான் வேணும், அத நல்லா கட்டிட்டு மொதல்ல ஆபீஸ், அப்புறம் போர்டு, இந்த வரிசையில போங்க.

ஸ்டெப் 1: டெஸ்ட்டு ஒழுங்கா இருக்கணும்

"டாக்டர் சொன்னாரு" பத்தாது, ரிப்போர்ட்ல நம்பர் இருக்கணும். பகல் தூக்கத்துக்கு ரெண்டு டெஸ்ட் சேந்து வேணும், ராத்திரி பாலிசோம்னோகிராம் (ராத்திரி பூரா தூக்கத்த பதிவு பண்ற டெஸ்ட்), அதுக்கு அடுத்த நாள் பகல்ல எம்எஸ்எல்டி. எம்எஸ்எல்டின்னா ரெண்டு மணி நேர இடைவெளியில அஞ்சு தடவ படுக்க வெச்சு எவ்ளோ சீக்கிரம் தூங்குறீங்கன்னு அளக்குறது. சராசரி 8 நிமிஷம் அல்லது அதுக்குள்ள தூங்கி, ரெண்டு தடவயாவது படுத்த கொஞ்ச நேரத்துலயே கனவுத் தூக்கத்துக்கு, அதாவது ரெம்முக்கு, போயிட்டா நார்கோலெப்ஸி பக்கம். சீக்கிரம் தூங்குறீங்க ஆனா ரெம் அப்படி வரலன்னா ஹைப்பர்சோம்னியா பக்கம் யோசிப்பாங்க.

பெங்களூர்ல தெருவுக்கு ஒரு ஸ்லீப் லேப் இருக்கு, ஆனா நிறைய எடத்துல குறட்டைக்கும் ஆப்னியாவுக்கும் மட்டும்தான் டெஸ்ட், அதுவும் வீட்டுக்கு ஒரு மிஷின் குடுத்து அனுப்புவாங்க. போன் பண்ணும்போதே "எம்எஸ்எல்டி பண்றீங்களா"ன்னு கேளுங்க. ஒசூர் ரோடு நிம்ஹான்ஸ்ல (மனநலம், நரம்பு வைத்தியத்துக்கான அரசு ஆஸ்பத்திரி) ஸ்லீப் லேப் இருக்கு, நியூராலஜி ஓபிடி வழியா போகணும், காத்திருப்பு இருக்கும் ஆனா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு போர்டுல இருக்கிற மரியாதையே தனி.

டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வாரம் எப்ப படுத்தீங்க எப்ப எழுந்தீங்கன்னு ஸ்லீப் டைரி எழுத சொல்லுவாங்க, சோம்பல் படாம எழுதுங்க, ஏன்னா அது இல்லன்னா "நைட் ஷிப்ட் பாக்குறவன், தூக்கம் பத்தல, அதான்"னு ஒரே வரில ஒதுக்கிடலாம். டிப்ரஷன் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது ரெம் தூக்கத்த அமுக்கிடும், அதனால டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க, சில மாத்திரைக்கு இன்னும் முன்னாடி. டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க. ராத்திரி டெஸ்ட்ல குறைஞ்சது 6 மணி நேரமாவது தூங்கியிருக்கணும், இல்லன்னா பகல் ரிசல்ட்ட நம்ப மாட்டாங்க. ஆப்னியா இருந்து சீபேப் (மாஸ்க் வழியா காத்து ஊதற மிஷின்) போடுறவங்க அந்த மிஷினோட டேட்டாவ, தினம் எத்தன மணி நேரம் போட்டீங்கங்கிறத, பிரிண்ட் எடுத்து வைங்க, "மொதல்ல மாஸ்க் ஒழுங்கா போடுங்க"ன்னு சொல்றதுக்கு அதான் பதில்.

ஆப்னியாக்காரங்களுக்கு நேரா சொல்லிடறேன், சீபேப்ல சரியாகிற நோய்னு எல்லாருக்கும் தெரியும், அதனால தனி ஆப்னியாவ வெச்சு 40% எதிர்பாக்காதீங்க. வெறும் தூக்கமின்மைக்கும் அதே கதைதான். உங்களுக்கு ஸ்டெப் 4, அதாவது ஆபீஸ் சலுகை, போதும்.

ஸ்டெப் 2: என்ன இழந்தீங்கன்னு ஒரு நோட்டு

எப்வொர்த் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 8 கேள்வி, 24 மார்க், 10க்கு மேல போனா பகல் தூக்கம் அதிகம்னு அர்த்தம். ஒவ்வொரு ஓபிடி விசிட்டுக்கும் அத ஃபில் பண்ணி ஃபைல்ல வைங்க. ஆனா அது உங்க வாயால நீங்க சொல்றது. அதோட நடந்தத நடந்தபடி எழுதற நோட்டு ஒண்ணு வேணும்.

எப்படி எழுதணும்னா, "ரொம்ப களைப்பா இருந்துச்சு"ன்னு எழுதாதீங்க, அது எல்லாருக்கும்தான் இருக்கு. தம்பி நோட்டுல இருந்து ஒரு வரி: "500-டி பஸ், மாரத்தஹள்ளில இறங்கணும், சில்க் போர்டுல கண்டக்டர் எழுப்பினார், ஆபீஸுக்கு ஒண்ணே கால் மணி நேரம் லேட், லீடுக்கு மெசேஜ் போட்டேன்." இன்னொண்ணு: "பால் அடுப்புல வெச்சேன், நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், பாத்திரம் கருகி அக்கா வந்து கேஸ அணைச்சா." தேதி, எடம், என்ன பண்ணிட்டு இருந்தீங்க, என்ன ஆச்சு, யார் பாத்தாங்க. கூட அந்த லீடுக்கு போட்ட மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட். விழுந்து அடிபட்டு தையல் போட்டிருந்தா அந்த ஆஸ்பத்திரி சீட்டு. கேட்டப்ளெக்ஸி வர்றவங்க வீட்ல யாரையாவது போன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க, ஏன்னா இத பிட்ஸ்னு நினைச்சு வலிப்பு மாத்திரை எழுதறதும் நடக்குது, வீடியோ பாத்தா நியூராலஜிஸ்டுக்கு சட்டுனு வித்தியாசம் தெரியும்.

நல்லா இருந்த நாளையும் எழுதுங்க. மாசம் பூரா மோசம்னு எழுதின நோட்ட யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க அம்மாவுக்கு இந்த நோட்டே பிடிக்கல, "வீட்டு விஷயத்த எல்லாம் ஆபீஸர்கிட்ட காட்டுவியா, நாளைக்கு பொண்ணு யார் குடுப்பா"ன்னு ஒரே புலம்பல். அது ஒவ்வொரு வீட்லயும் வரும், சமாளிச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: டாக்டர் லெட்டர்

இங்கதான் நிறைய ஃபைல் படுத்துடுது. வழக்கமா கிடைக்கிற லெட்டர் இப்படி இருக்கும்: "பேஷண்ட் இஸ் எ நோன் கேஸ் ஆஃப் நார்கோலெப்ஸி, ஆன் ட்ரீட்மெண்ட், அட்வைஸ்ட் ரெஸ்ட்." இத வெச்சு எச்ஆர் ஒண்ணும் பண்ண முடியாது, போர்டும் ஒண்ணும் பண்ண முடியாது. பாதி நேரம் "ஆன் ட்ரீட்மெண்ட்"னா சரியாகிட்டு இருக்குன்னு எடுத்துப்பாங்க.

லெட்டர்ல வேண்டியது: நோயோட பேர், எந்த தேதி டெஸ்ட், எம்எஸ்எல்டில என்ன நம்பர் வந்துச்சு, இது வாழ்நாள் முழுக்க இருக்கிற நோய், மருந்து (முழிச்சிருக்க குடுக்கிற மொடாஃபினிலோ வேற எதுவோ, என்ன டோஸ்) எடுத்தும் என்ன மிச்சம் இருக்கு, அதனால என்னென்ன செய்ய முடியாது, என்னென்ன மாத்தினா செய்ய முடியும். அந்த "மருந்து எடுத்தும் மிச்சம்"ங்கிற வரிதான் உயிர். உதாரணமா, "மருந்து எடுத்தும் பகல்ல ரெண்டு தடவையாவது அடக்க முடியாத தூக்கம் வருகிறது, மாறி மாறி வரும் ஷிப்ட் இதை மோசமாக்கும், நிலையான பகல் ஷிப்டும் 20 நிமிஷம் படுக்க ரெண்டு இடைவேளையும் கொடுத்தால் வேலை செய்ய முடியும்."

டாக்டருக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கும், வெளிய அறுபது பேர் நிக்கிறாங்க. அதனால நீங்களே ஒரு பக்கத்துல பாயிண்ட்டா எழுதி, நோட்டோட நகல வெச்சு, "டாக்டர், இதுல உங்களுக்கு சரின்னு படறத மட்டும் லெட்டர்ல போட்டுக்குடுங்க"ன்னு கேளுங்க. கோவப்படுவாங்கன்னு பயந்தேன், படல. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், சீல், தேதி மூணும் இருக்கான்னு அங்கயே பாத்துடுங்க.

ஸ்டெப் 4: ஆபீஸ்ல கேக்குறது

பிரைவேட் கம்பெனிக்கு இந்தச் சட்டம் செல்லாதுன்னு எச்ஆர்ல சொல்லுவாங்க, நம்பாதீங்க. அரசு நிறுவனத்துக்கு பொறுப்பு அதிகம்ங்கிறது உண்மை, ஆனா "எஸ்டாப்ளிஷ்மெண்ட்"ங்கிற விளக்கத்துல பிரைவேட்டும் இருக்கு, பாகுபாடுங்கிற விளக்கத்துலயே ரீசனபிள் அக்காமடேஷன் மறுக்கிறதும் சேத்தி. பிரிவு 21 படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்பு கொள்கை வெளியிடணும், 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற பிரைவேட் கம்பெனின்னா அதுல லையசன் ஆபீசர் (மாற்றுத்திறனாளி விஷயத்த பாத்துக்கிற ஆள்) யாருங்கிறதும் இருக்கணும். உங்க கம்பெனி இன்ட்ராநெட்ல "ஈக்வல் ஆப்பர்சூனிட்டி பாலிசி"ன்னு தேடுங்க. கிடைச்சா அந்த ஆளுக்கு மெயில், கிடைக்கலன்னா எச்ஆருக்கு மெயில் போட்டு அந்த பாலிசியோட காப்பி கேளுங்க, அந்த ஒரு கேள்வியிலயே அவங்க பேச்சோட டோன் மாறும்.

வாயால கேக்காதீங்க. டீ குடிக்கும்போது லீடுகிட்ட சொன்னது எங்கயும் பதிவாகாது, நாளைக்கு பர்ஃபார்மென்ஸ் சரியில்லன்னு பேப்பர் நீட்டும்போது உங்ககிட்ட ஆதாரம் இருக்காது. மெயில் சின்னதா இருக்கட்டும், சாரம் இது: எனக்கு இந்த நோய், டாக்டர் லெட்டர் இணைச்சிருக்கேன், 2016 சட்டத்துபடி ரீசனபிள் அக்காமடேஷன் கேக்குறேன், எனக்கு வேண்டியது இவ்ளோ, இந்த தேதிக்குள்ள பதில் வேணும், பேச கூப்பிட்டா வர்றேன்.

என்ன கேக்கலாம்? நிலையான ஷிப்ட் (யுஎஸ் ப்ராசஸ்ல, அதாவது அமெரிக்கா நேரத்துக்கு வேலை பாக்குறவங்களுக்கு, இதுதான் மொத பிரச்சனை), மத்தியானம் 15-20 நிமிஷம் படுக்க ஒரு எடம், வாரத்துல சில நாள் வீட்ல இருந்து வேலை, காலைல ஒரு மணி நேரம் முன்ன பின்ன வர அனுமதி, நீளமான மீட்டிங்குக்கு ரெக்கார்டிங், வண்டி ஓட்டுற வேலை இல்லாம இருக்கறது. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அது எதுக்குன்னு ஒரு வரி. கம்பெனிக்கு தாங்க முடியாத சுமை ஆகுறத அவங்க மறுக்கலாம், சட்டமே அத சொல்லுது, அதனால காசு செலவில்லாதத மேல போடுங்க. ஷிப்ட் ரோஸ்டர்ல ஒரு பேர மாத்துறதுக்கு எவ்ளோ செலவு ஆகிடப் போகுது?

தம்பி ஆபீஸ்ல மொதல்ல வந்த பதில் "மெடிக்கல் லீவ் போட்டு ரெஸ்ட் எடுங்க, முடியலன்னா ரிசைன் பண்ணிட்டு சரியானதும் வாங்க." நல்லா பேசற மாதிரியே சொல்லுவாங்க. ரிசைன் லெட்டர் மட்டும் எழுதிடாதீங்க, கீழ இஎஸ்ஐ பகுதி படிச்சா ஏன்னு புரியும். மறுத்தா மறுத்ததுக்கு காரணம் எழுத்துல கேளுங்க. அதுவும் வரலன்னா கர்நாடக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு புகார் குடுக்கலாம், வக்கீல் வேணும்னு இல்ல, மெயில் எல்லாம் வரிசையா பிரிண்ட் போட்டு மேல ஒரு பக்க கடிதம் போதும்.

அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு பிரிவு 20(4) பெரிய பலம். வேலையில சேந்த அப்புறம் வந்த குறைபாட்டுக்காக வேலைய விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலைக்கு ஒத்து வரலன்னா அதே சம்பள விகிதத்துல வேற வேலைக்கு மாத்தணும்.

ஸ்டெப் 5: யுடிஐடி அப்ளிகேஷன்

சர்ட்டிபிகேட்டுக்கு இப்ப ஆன்லைன் மட்டும்தான், 2021 ஜூன் 1ல இருந்து யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போர்ட்டல் வழியாத்தான் குடுக்கிறாங்க, ஸ்வாவலம்பன் கார்டுன்னு தேடினா கவர்மெண்ட் சைட் வரும். ஆதார், போட்டோ, அட்ரஸ் ப்ரூஃப், ரிப்போர்ட் எல்லாம் ஸ்கேன் பண்ணி ரெடியா வெச்சிட்டு உக்காருங்க.

தமிழ்நாட்டுல இருந்து வந்து இங்க வாடகைக்கு இருக்கிறவங்க கேக்குற மொத கேள்வி, "ஆதார்ல கிருஷ்ணகிரி அட்ரஸ் இருக்கு, இங்க குடுப்பாங்களா?" ரூல் என்னன்னா, அட்ரஸ் ப்ரூஃப்ல இருக்கிற மாவட்டத்துல அப்ளை பண்ணலாம், இல்லன்னா அந்த நோய்க்கு நீங்க வைத்தியம் பாக்குற அரசு ஆஸ்பத்திரியிலயும் பண்ணலாம். அதனாலயும்தான் மொதல்லயே அரசு ஆஸ்பத்திரியில ஓபிடி கார்டு போட்டு வைங்கன்னு சொல்றேன். எங்க வாங்கினாலும் சர்ட்டிபிகேட் நாடு பூரா செல்லும், அது சட்டத்துலயே இருக்கு. ஆனா பென்ஷன் மாதிரி மாநிலத் திட்டம் அந்தந்த மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான்.

டிஸபிலிட்டி வகைய தேர்ந்தெடுக்கிற எடத்துல "க்ரானிக் நியூரலாஜிகல் கண்டிஷன்ஸ்" போடுங்க. இங்க ஒரு விஷயம் காதுல விழும், சைபர் கஃபேல ஃபார்ம் ஃபில் பண்றவரே சொல்லுவாரு, "மென்டல் இல்னஸ் போடுங்க மேடம், அதுல ஈசி." நிஜமாவே தூக்க நோயோட டிப்ரஷன் வருது, நிறைய பேருக்கு வருது, அப்படி இருந்தா சைக்யாட்ரிஸ்ட்கிட்ட ஒழுங்கா வைத்தியம் பாத்து அதையும் ஃபைல்ல சேக்குறது நியாயமான வழி, அதுக்கு ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, தன்னைப் பாத்துக்கறது, மனுஷங்களோட பழக்கம், பேச்சும் புரிதலும், வேலை, இந்த நாலையும் மார்க் போட்டு எத்தன வருஷமா இருக்குங்கிறதையும் சேத்து கணக்கு பண்ணுவாங்க. இல்லாத நோய எழுதறது வேற. பொய்யா சலுகை வாங்கினா பிரிவு 91ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

ஸ்டெப் 6: போர்டு நாள்

சப்மிட் பண்ணா என்ரோல்மெண்ட் நம்பர் வரும், அப்புறம் ஆஸ்பத்திரில இருந்து தேதி. 2024 அக்டோபர்ல ரூல் திருத்தி, முன்னாடி ஒரு மாசம்னு இருந்த கெடுவ மூணு மாசம் ஆக்கிட்டாங்க, அதனால அடுத்த வாரமே கார்டு வரும்னு நினைக்காதீங்க.

ஒரிஜினல் எல்லாம், ரெண்டு செட் ஜெராக்ஸ், நோட்டு, வீடியோ இருக்கிற போன், கூட வீட்ல ஒருத்தர். அந்த ஒருத்தர் கட்டாயம், உங்கள தினம் பாக்குறவங்க சொல்றதுக்கு எடை இருக்கு.

உள்ள கூப்பிட்டா நடந்து போறீங்க, உக்கார்றீங்க, பேசறீங்க. எதிர்ல இருக்கிறவருக்கு கால் இல்லாதவங்க, கண் தெரியாதவங்கள காலைல இருந்து பாத்த கண்ணு. எங்களுக்கு நடந்தது இதுதான், டாக்டர் ஃபைல திறக்காமயே "நோடோகே சென்னாகே இத்தீரல்லா"ன்னாரு, பாக்க நல்லாத்தானே இருக்கீங்கன்னு. தம்பி உடனே "ஹவுது சார்"னு தலையாட்டிட்டான், மரியாதைக்கு! நான் இடையில பூந்து எம்எஸ்எல்டி பக்கத்த திறந்து வெச்சு "சார், இவன் சராசரி தூங்குற நேரம் இங்க இருக்கு பாருங்க, மருந்து சாப்பிட்டும் இந்த மாசம் இவ்ளோ தடவ விழுந்திருக்கான்"னு நோட்ட நீட்டினேன். அப்புறம்தான் கண்ணாடிய போட்டு படிக்க ஆரம்பிச்சாரு. அதனால எம்எஸ்எல்டி பக்கம், டாக்டர் லெட்டர், நோட்டுல மோசமான மூணு நாள், இந்த மூணும் ஃபைலோட மேல இருக்கட்டும்.

"எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "பரவால்ல சார்"னு சொல்றது நம்ம ரத்தத்துல ஊறினது, அன்னைக்கு மட்டும் வேணாம். அழவும் வேணாம், கூட்டியும் சொல்ல வேணாம். போன வாரம் என்ன நடந்துச்சோ அது. தமிழ்ல சொன்னா அல்சூர், சிவாஜிநகர் பக்க ஆஸ்பத்திரில பாதி பேருக்கு புரியும், ஆனா கன்னடத்துல நாலு வரி தயார் பண்ணிக்கிட்டு போனா நல்லது.

ஸ்டெப் 7: கிடைக்கலன்னா

தூக்க வியாதியில இதுதான் அதிகம் நடக்கக்கூடியது, மனசு தளர வேணாம். "இதெல்லாம் லிஸ்ட்ல இல்லமா, போங்க"ன்னு வாயால அனுப்ப விடாதீங்க. பிரிவு 58 படி இல்லன்னா இல்லன்னு எழுத்துல குடுக்கணும். அந்த பேப்பர் இருந்தாத்தான் பிரிவு 59ல மேல்முறையீடு போக முடியும். கேஸ் நகராம கிடந்தா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க, 10 ரூபா, 30 நாள்ல பதில் சொல்லணும். கேள்வி நேரா இருக்கட்டும், "என் விண்ணப்பம் இந்த நம்பர், இன்னைய தேதிக்கு யார் மேஜையில இருக்கு, எந்த காரணத்துக்காக நிலுவை."

40%க்கு கீழ போட்டுக் குடுத்தாலும் கிழிச்சு போடாதீங்க. 2024 திருத்தத்துக்கு அப்புறம் கார்டு மூணு கலர்ல வருது, 40%க்கு கீழ வெள்ளை, 40ல இருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். வெள்ளைக் கார்டுல பென்ஷன் வராது, ஆனா ஸ்டெப் 4ல எச்ஆர்கிட்ட "இந்த நோய் உண்மையா"ங்கிற பேச்சு அதோட முடிஞ்சது.

கிடைச்சா என்ன கிடைக்கும்

ஆசை காட்டாம சொல்றேன். அரசு வேலை 4% ரிசர்வேஷன்ல பார்வை, காது, கைகால், ஆட்டிசம், மனநோய் இந்த மாதிரி வகைங்கதான் இருக்கு, க்ரானிக் நியூரலாஜிகல்ங்கிற வகையே அந்தப் பட்டியல்ல இல்ல. உயர்கல்வியில 5% சீட்டு, அஞ்சு வருஷ வயசு தளர்வு, இது 40%க்கு மேல இருக்கிற எல்லா வகைக்கும் உண்டு, அதனால படிக்கிற பிள்ளைங்களுக்கு கார்டு வேலைக்கு ஆகும். கர்நாடக பென்ஷனுக்கு நாடகச்சேரில (வருவாய்த்துறையோட உள்ளூர் ஆபீஸ்) அப்ளை பண்ணணும், வருமான வரம்பு இருக்கு, சம்பளம் வாங்குறவங்களுக்கு ஒத்து வராது. மத்திய அரசோட இந்திரா காந்தி பென்ஷன் 80%க்கு மேல, அதுவும் வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு, மத்திய பங்கு 300 ரூபா. 1961 வருமான வரிச் சட்டத்தோட 80யு பிரிவுல 75,000 கழிவு (80%க்கு மேலன்னா 1,25,000) பழைய வரி முறையில இருந்தாத்தான், அதுவும் அந்தப் பிரிவுல டிஸபிலிட்டிக்கு விளக்கம் பழைய 1995 சட்டத்துல இருந்து எடுத்தது, அதனால சர்ட்டிபிகேட்ல எந்த வகை எழுதியிருக்குன்னு ஆடிட்டர்கிட்ட காட்டாம க்ளைம் பண்ணாதீங்க.

இஎஸ்ஐ, பிஎஃப்: ரிசைன் பண்றதுக்கு முன்னாடி

சம்பளம் 21,000க்குள்ள இருந்தா (மாற்றுத்திறனாளிக்கு 25,000) இஎஸ்ஐ பிடிப்பாங்க. அந்த ஆறு மாச கட்டண காலத்துல 78 நாளாவது கட்டியிருந்தா, இஎஸ்ஐ டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70% வரும். மருந்து மாத்தி செட் ஆகுற காலத்துக்கு இது பெரிய உதவி. அதுக்கு மேல ரெண்டு வருஷம் வரைக்கும் 80% குடுக்கிற நீடிச்ச நோய் பட்டியல் ஒண்ணு இருக்கு, 34 நோய், அதுல நார்கோலெப்ஸி இல்ல. இங்க இந்திராநகர், ராஜாஜிநகர்ல எல்லாம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இந்திராநகர் கிட்ட. சிக்னஸ் பெனிபிட், அதாவது இந்த 70% பணம், வாங்கிட்டு இருக்கிற நாள்ல முதலாளி வேலைய விட்டு அனுப்பக் கூடாதுன்னு 1948 இஎஸ்ஐ சட்டம் பிரிவு 73 சொல்லுச்சு, 2025 நவம்பர்ல இருந்து அந்த எடத்துல சோஷியல் செக்யூரிட்டி கோட் வந்தாச்சு. நீங்களே ரிசைன் பண்ணிட்டா இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்ல, அதான் மேல அவ்ளோ சொன்னேன்.

பிஎஃப் கூட இருக்கிற 1995 பென்ஷன் திட்டத்துல, வேலையில இருக்கும்போதே நிரந்தரமா முழுசா வேலை செய்ய முடியாம போனா பென்ஷன் உண்டு, பத்து வருஷ சர்வீஸ் தேவையில்ல, ஒரு மாசம் கட்டியிருந்தா போதும், குறைஞ்சது 1,000 ரூபா. ஆனா "முழுசா, நிரந்தரமா"ங்கிறது மெடிக்கல் போர்டு முடிவு பண்றது, தூக்க வியாதியில அது கஷ்டம். பகல் ஷிப்ட் குடுத்தா வேலை செய்வேன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டு இன்னொரு பக்கம் எந்த வேலையும் முடியாதுன்னு கேக்க முடியாது இல்லையா, எந்த வழின்னு முடிவு பண்ணிட்டு போங்க.

லைசன்ஸும் ரினியூவலும்

ட்ரைவிங் லைசன்ஸ் ஃபார்ம் 1ல ஒரு கேள்வி இருக்கு, வலிப்போ, எந்த காரணத்தாலயாவது திடீர்னு நினைவு தப்புறதோ தலைசுத்தலோ வருமான்னு. "நின்னுக்கிட்டே தூங்கிடறேன்"னு போர்டுல எழுதிக் குடுத்த ஆளு அங்க யோசிக்காம "இல்ல"ன்னு டிக் அடிச்சு வைக்காதீங்க, நியூராலஜிஸ்ட்கிட்ட கேட்டு அவர் எழுத்துல சொல்றபடி பண்ணுங்க. ஆபீஸ் கேப் கேக்குறதுக்கும் அதே லெட்டர் உதவும். தம்பி ஸ்கூட்டர வித்துட்டான், ரிங் ரோட்ல அவன் ஓட்டின காலத்த நினைச்சா எனக்கு இப்பவும் வயித்த கலக்கும்.

சர்ட்டிபிகேட் தற்காலிகமா குடுத்திருந்தா அதுல கடைசி தேதி இருக்கும். மூணு மாச கெடுவ கணக்கு பண்ணி, அதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே ரினியூவலுக்கு போடுங்க, கூட புதுசா எழுதின டாக்டர் லெட்டரும் கடைசி ரெண்டு மாச நோட்டும் போதும், பழைய எம்எஸ்எல்டி ரிப்போர்ட்டே செல்லுமா மறுபடி பண்ணணுமான்னு மட்டும் ஆஸ்பத்திரில முன்கூட்டியே கேட்டுக்கோங்க.